மாடியில் ரவுட்டர், கீழே மோடம்

அத்தியாயம் ஐந்து

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று இன்டர்நெட் கம்பெனியின் பெண் குரல் மறுபடியும் சொன்னது. முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று போனைப் பார்த்துக் கேட்டேன். பதிலுக்கு அதே புல்லாங்குழல். காலையிலிருந்து அந்தத் துண்டு இசையைக் கேட்டுக் கேட்டு, வாசித்த ஆள் எதிரில் வந்தால் குழலைப் பிடுங்கி உடைத்துவிடும் நிலையில் இருந்தேன்.

கொலை, கொள்ளை, ஆள் கடத்தல் என்று கனவு கண்டுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்து சேர்ந்த இடம் யாரோ ஒருவர் வீட்டு மாடி அறையில், மேஜைக்கு அடியில், ஒட்டடைக்கும் ஒயருக்கும் நடுவே. சட்டை வேறு இஸ்திரி போட்ட சட்டை.

"ஏதாவது கிடைச்சுதா தம்பி?" என்று மேஜைக்கு மேலேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"கிடைச்சுது அண்ணி. ஒரு செத்த கரப்பான், ஒரு பேனா மூடி. ரெண்டுல யாரு குற்றவாளின்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணி சிரிக்கவில்லை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணி, நான், முக்கி முனகி ஓடும் ஒரு ஸ்கூட்டர், அவ்வளவுதான்.

எங்களைக் கூப்பிட்டவள் ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்த வீட்டு மருமகள். புருஷன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். வீட்டில் இவளும் இவள் மாமனாரும் மட்டும். மாடியில் இவள், கீழே அவர்.

அவள் வேலை சாதாரண வேலை இல்லை. தூர ஊர் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் பேசும் பாஷை நோயாளிக்குப் புரியாது, நோயாளி பேசுவது டாக்டருக்குப் புரியாது. நடுவில் இவள் லேப்டாப்பில் உட்கார்ந்து, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள், குழந்தைக்கு ஏன் ஆபரேஷன் என்று டாக்டர் ஒரு தாய்க்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதியில் இன்டர்நெட் போய்விட்டது. அந்தத் தாய் பாதிச் செய்தியோடு அங்கே தனியாக நின்றிருக்கிறாள். அதைச் சொல்லும்போது இவள் நகம் கடிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு கம்பெனி ஆள் வந்து துருப்பிடித்திருந்த இணைப்பை மாற்றிவிட்டுப் போனான். அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. தினமும் மத்தியானம் அவள் ஹெட்போனை மாட்டுவாள், லைன் போகும். வரும், மறுபடி போகும். கம்பெனி ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். வந்து பார்த்தால் எல்லாம் நன்றாக ஓடும். உங்கள் லைனில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். செல்போனில் வேலை பார்க்கலாமென்றால் இந்த அறையில் சிக்னல் நிற்காது, அவள் மேலதிகாரியும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். இன்று நாலு மணிக்கு ஒரு வீடியோ கால் இருக்கிறது. மேலதிகாரியே கூட உட்கார்ந்து கேட்கப் போகிறாள். இன்றைக்கும் அறுந்தால் வேலை போய்விடும்.

"இது தானா நடக்கல" என்றாள். "இவர்தான் பண்றாரு."

இவர் என்றால் மாமனார். அவளிடம் சாட்சியமும் இருந்தது. தெருவிலிருந்து வரும் லைன் நுழைவது கீழே அவர் அறையில். மோடம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீளமான கேபிள் சுவரோரமாக ஏறி மாடி ரவுட்டருக்கு வருகிறது. அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று லைன் ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. புருஷன் லீவில் வந்து அப்பாவோடு சுற்றிக்கொண்டிருந்தபோதும் அறுந்துபோகவில்லை. லீவு நாட்களில், இவளுக்கு வேலை இல்லாதபோது, அறுந்துபோவதே இல்லை. இவள் வேலைக்கு உட்கார வேண்டும், அவர் வீட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் போகிறது.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரூமைப் பூட்டிக்கொண்டு தனியாக இவள் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று மாமனார் மகனிடம் போனில் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது. பைத்தியம் என்கிறாரா என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரும் வீம்புக்காரர். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு இவள் டம்ளரால் ஒரு தட்டுத் தட்டுவாள், அவர் வந்து சாப்பிடுவார். மாதக்கணக்கில் குடும்பம் அப்படி ஓடுகிறது.

"எனக்கு ஆதாரம் வேணும். ஒரே ஒரு போட்டோ போதும். என் வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டு, அப்பா வேணுமா நான் வேணுமான்னு கேட்டுடுவேன்."

சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. ஆள் தெரியும், காரணம் தெரியும், வழி தெரியும். அண்ணியோ ரவுட்டர் விளக்குகளை, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ போய் அவரு ரூமைப் பாத்துட்டு வா தம்பி. கம்பெனிலேருந்து வந்ததா சொல்லு."

"டை கட்டிக்கவா?"

"வாயைக் கட்டிக்கோ. போதும்."

*

மாமனார் கதவைத் திறந்தார். நெடு நெடுவென்று ஒரு மனிதர், முகத்தில் அடைமழைக்கு முந்தின இறுக்கம். கம்பெனி ஆள் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். எல்லாம் போய்த் தொலைந்த பிறகு வருகிறீர்கள், வரும்போது அது ஒழுங்காக இருக்கிறது, நீங்களும் டீயைக் குடித்துவிட்டுக் குறை இல்லை என்று போகிறீர்கள் என்று ஒரே மூச்சில் திட்டி முடித்தார். டீ இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அறையில் சாமான் அதிகமில்லை. ஒரு கட்டில், விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. டிவி மேல் துண்டு போர்த்தியிருந்தது. மூலையில் இடுப்புயர அலமாரி, அதன்மேல் மோடம், பக்கத்தில் சுவரில் அதற்கான ஸ்விட்ச். மோடத்தின் ஒரு விளக்குக்குக் கீழே டேப்பில் அம்புக்குறி வரைந்து ஒட்டியிருந்தது. அலமாரிக்கு எதிரே கைவைத்த நாற்காலி, அதில் ஒரு தலையணை. சுவரெல்லாம் தூசி, அந்த ஸ்விட்ச் மட்டும் பளபளவென்று இருந்தது.

நான் கேபிளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் நடித்துவிட்டு, அலமாரியை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் முகம் கறுத்தது. அதில் கை வைக்க வேண்டாம், அது இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். குரலில் அவ்வளவு பிடிவாதம். வெளியே வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு சுலபமான குற்றவாளியை நான் பார்த்ததே இல்லை.

மாடியேறி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஸ்விட்சைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி, அழுத்தி, நாடகமாகச் சொன்னேன். மருமகள் உதட்டைக் கடித்தாள். அண்ணி கேட்டது வேறு.

"நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு?"

"மோடத்தைப் பாத்து."

"டிவிக்கு?"

"முதுகு."

"டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கிற ஓய்வு பெற்ற மனுஷனை எங்கயாவது பாத்திருக்கியா நீ?"

பார்த்ததில்லைதான். அதனால் என்ன, தப்பு செய்கிறவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் டிவியில் சமையல் நிகழ்ச்சியா பார்ப்பார் என்று கேட்டேன். அண்ணி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத அண்ணியோடு வேலை பார்ப்பதும் அந்தப் புல்லாங்குழலைக் கேட்பதும் ஒன்றுதான்.

*

ஒத்திகை ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றார் அண்ணி. மருமகள் நிஜ வேலை போலவே எல்லாம் செய்ய வேண்டும், தன் தோழி ஒருத்தியை வீடியோவில் கூப்பிட்டுப் பேச வேண்டும். நான் கொல்லைப் பக்கம் போய், மாமனார் அறை ஜன்னல் வழியாகப் போனில் படம் பிடிக்க வேண்டும். யார் வெயிலில் நிற்பது, யார் மின்விசிறிக்குக் கீழே உட்காருவது என்பதில் எங்கள் நிறுவனத்தில் என்றைக்கும் குழப்பம் வந்ததில்லை.

நான் கிளம்பும்போது மருமகள் தயாராகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். ரவுட்டரை அணைத்துப் போடத் தோதாகக் கைப்பக்கம் இழுத்து வைத்தாள். ஹெட்போனைத் துடைத்து வைத்தாள். கதவைத் தாழிட என் முதுகைப் பார்த்துக் காத்திருந்தாள்.

கொல்லையில் துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு பூந்தொட்டி. அதன் விளிம்பில் ஏறி நின்றால்தான் ஜன்னல் எட்டியது. ஏறினேன். தொட்டியில் எறும்புக் கூட்டம் குடியிருப்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஈரப் போர்வை ஒன்று வேறு காற்றில் ஆடி ஆடி என் காதில் அறைந்துகொண்டிருந்தது. என் அம்மா என்னை வங்கிப் பரீட்சை எழுதச் சொன்னாள். கேட்டிருக்கலாம்.

உள்ளே மாமனார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை, படிக்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார். கை ஸ்விட்சுக்குப் போனது. அந்த நொடியில் அமுக்கினேன். படம் விழுந்தது. அவர் ஸ்விட்சை அணைத்தார். உதடு அசைய ஏதோ எண்ணினார், மறுபடி போட்டார், நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எறும்போடு எறும்பாக மாடிக்கு ஓடினேன். அங்கே மருமகள் ஹெட்போனைக் கழற்றி எறிந்திருந்தாள். தோழியின் முகம் வராமல் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண்ணிலிருந்து மளமளவென்று தண்ணீர் கொட்டியது.

"இத்தனை நாளும் இவருக்குச் சோறு போட்டுட்டு இருந்திருக்கேன். எனக்கு அனுப்புங்க இதை. இப்பவே."

"ஒரு நிமிஷம்மா" என்று அண்ணி போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் பொங்கியது. எறும்புக் கடிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இதற்குமேல் என்ன என்றேன். அண்ணி படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே பேசினார். கெடுக்க நினைக்கிறவர் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். இவர் எதற்குக் காத்திருந்து திருப்பிப் போடுகிறார்? ஸ்விட்ச் தேயும் அளவுக்கு அணைத்து அணைத்துப் போடுவானேன், கெடுக்க ஒரு தடவை அணைத்தால் போதாதா?

"அதைவிட முக்கியம், இங்க பாரு. ஸ்விட்ச்ல இந்தச் சிவப்பு விளக்கு எரியுதா?"

எரிந்தது. அப்படியென்றால் இது அவர் அணைப்பதற்கு முந்தின நொடி. மோடத்துக்குக் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. மோடத்தின் மற்ற விளக்குகளும் பச்சையாக எரிந்தன. அம்புக்குறி ஒட்டியிருந்த அந்த ஒரு விளக்கு மட்டும் இருண்டிருந்தது.

"அது எதோட விளக்குன்னு கம்பெனி வெப்சைட்ல இருக்கிற மோடம் படத்துல பாத்துட்டேன். மாடில ரவுட்டர் உயிரோட இருந்தா அது எரியும். இல்லன்னா அணையும்" என்றார் அண்ணி. "அவரு கை வைக்கிறதுக்கு முன்னாடியே அது அணைஞ்சு போச்சு. அப்ப கீழ இல்ல தம்பி. மாடில யாரோ முதல்ல கை வச்சிருக்காங்க."

மாடியில் இருந்தது அண்ணியும் மருமகளும். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மருமகளைப் பார்த்தார்.

"ஹெட்போன் மாட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. எப்பவும் பண்றதுதான். ரவுட்டரை ஒரு தடவை அணைச்சு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துருப்பிடித்ததை மாற்றிய கம்பெனி ஆள்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். முக்கியமான கால் இருந்தால் முன்னாடி ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், நடுவில் போனாலும் அதையே செய்யுங்கள் என்று. அதை அவள் ஒரு நாள் தவறாமல் செய்து வந்திருக்கிறாள்.

"அதே ஆளு கீழ போய் அவருக்கும் ஏதோ சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று அண்ணி எழுந்தார். "வாங்க, கேட்டுடுவோம்."

*

மருமகள் அந்த அறை வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை. அண்ணி தான் யாரென்பதை மறைக்காமல் சொன்னார். என்னைக் கம்பெனி ஆளில்லை என்று காட்டிக்கொடுத்ததும் மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் நான் அலமாரிக்குப் பின்னால் போய் நிற்கலாமா என்று யோசித்தேன். அந்த அம்புக்குறியை ஒட்டியது யார் என்று அண்ணி கேட்டார்.

"அந்தக் கம்பெனிக்காரன்தான். இந்த விளக்கு எரியணும் ஐயா, அணைஞ்சா உடனே பெட்டியை அணைச்சு, கொஞ்சம் பொறுத்துப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனான்." டேப்பின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார். "சிக்னல்ல வேலை பாத்தவன் நான். விளக்கு அணைஞ்சா சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எனக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விளங்கியது. மேலே இவள் நல்லது என்று ரவுட்டரை அணைத்துப் போடுகிறாள். கீழே விளக்கு அணைகிறது. இவர் நல்லது என்று மோடத்தை அணைத்துப் போடுகிறார். அது முழித்து எழுந்திருக்க நேரம் எடுக்கிறது. அதற்குள் மேலே இவளுக்கு நெட் இல்லை. மறுபடி ரவுட்டரை அணைக்கிறாள். கீழே அப்போதுதான் எரிந்த விளக்கு மறுபடி அணைகிறது. இவர் மறுபடி எழுகிறார். இருவரில் ஒருவர் சலித்துப்போய் விடும்வரை இந்தக் கூத்து நடக்கிறது. கம்பெனி ஆட்கள் வந்தால் இவர் கதவைத் திறக்கப் போய்விடுவார், விளக்கைப் பார்க்க ஆளில்லை, லைன் ஒழுங்காக ஓடும். லீவு நாளில் இவள் ரவுட்டரைத் தொடுவதில்லை, ஓடும். கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காவலே இல்லை, அன்றைக்கும் ஓடும். லைனில் கோளாறு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர் அதை விடாமல் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு. ஒரே ஒரு முறை, நீங்க ஏதாவது தொட்டீங்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் எனக்கு எறும்புக் கடி மிச்சம். எனக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரை எடுத்து இருவர் தலையிலும் தட்டலாம் போலிருந்தது.

"மத்தியானத்துல படுக்க மாட்டீங்களா ஐயா?" என்று அண்ணி கேட்டார்.

"எப்படிப் படுக்கிறது?" என்றார் அவர். வாசல் பக்கம் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தே பேசினார். "அன்னிக்கு அந்தக் கொழந்தை விஷயம் பேசிட்டிருந்தப்ப நின்னு போச்சுன்னு பையன் அப்புறம் போன்ல சொன்னான். மேல இவ அழுதா. கீழ எனக்குக் கேட்டுச்சு. போய் என்னன்னு கேக்கலாம்னா, எங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சில்லையே. இதையாவது பாத்துப்போம்னு உக்காந்தேன். எவ்வளவு பாத்தாலும் போயிட்டே இருக்கு. எனக்கும் வெறுத்துப் போச்சு."

வாசலில் இருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் சும்மா நின்ற எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி இருவருக்கும் ஒரே கட்டளை போட்டார். யாரும் எதையும் தொடக் கூடாது. உலகமே இடிந்தாலும் தொடக் கூடாது. மாடியில் அண்ணி காவல், கீழே நான்.

*

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஒரு மனிதரைச் சும்மா உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் ஸ்விட்சுக்கு முன்னால் சுவரோடு சுவராக நின்றேன். மேலே கூரை வழியாக மருமகளின் குரல் கேட்டது. முதலில் ஒரு பாஷை, பிறகு வேறு பாஷை. வார்த்தை புரியவில்லை, நிதானம் புரிந்தது.

அம்புக்குறி விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அவர் பாதி எழுந்துவிட்டார்.

"சிமிட்டுதுப்பா."

"சிமிட்டட்டும் ஐயா. பேச்சு ஓடுதுன்னு அர்த்தம். உக்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் ஒரு துணுக்குச் சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் விழவே இல்லை.

அப்போது மேலே குரல் நின்றது. நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் மேலே பேச்சே இல்லை. மாமனார் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைத் தள்ளிவிடவில்லை, நகரு என்று கண்ணாலேயே கேட்டார். உண்மையைச் சொன்னால் என் கையே அந்த ஸ்விட்ச் பக்கம் போகப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் நிற்பது இவ்வளவு கொடுமையா? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அவர் என்னைப் பிடித்துக்கொண்டாரா, நான் அவரைப் பிடித்துக்கொண்டேனா, தெரியவில்லை.

மறுபடி குரல் வந்தது. மெதுவாக, யாரையோ தேற்றுகிற குரல். அந்தப் பக்கம் நோயாளி அழுதிருக்கிறாள், அவள் அழுது முடிக்கட்டும் என்று இவள் காத்திருந்தாளாம். அண்ணி பிறகு சொன்னார். மாமனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு லைன் அறுந்துபோகவே இல்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டபோது அவர் எழுந்து நின்றார். மருமகள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அவர் அவளைக் கேட்கவில்லை, பழக்க தோஷத்தில் என்னைக் கேட்டார்.

"வேலை இருக்காமா?"

"இருக்கு மாமா" என்றாள் அவள். "நாளைக்கு வழக்கம்போல ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க."

மாமா என்ற சொல் அந்த அறையில் விழுந்து எவ்வளவு நாளாயிற்றோ. அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் என்னிடம் திரும்பி அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டாள். மாமனாருக்குப் படம் என்றதும் விளங்கிவிட்டது. முகம் தொங்கிப்போனது. நான் அண்ணியைப் பார்த்தேன். கொடு என்று அண்ணி சைகை காட்டினார்.

அனுப்பி வைத்தேன். அவள் அதற்குக் கீழே ஏதோ தட்டி, கப்பலிலிருக்கும் புருஷனுக்கு அனுப்பிவிட்டு, போனை மாமனாரிடம் நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "உங்க அப்பா மத்தியானம் தூங்கறதே இல்ல. எனக்காக உக்காந்திருக்காரு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மோடத்தைப் பார்த்தார்.

"இனிமே நான் என்ன பண்ணணும்?"

"தூங்குங்க மாமா" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அந்தச் சுருக்கமில்லாத கட்டில் விரிப்பின்மேல் அவர் மெல்லப் படுத்தார். அவள் டிவிமேல் இருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். நாங்கள் கிளம்பத் திரும்பினோம். என் பையில் போன் அடித்தது. காலையிலிருந்து புல்லாங்குழல் வாசித்த அதே கம்பெனி. நிஜமான ஒரு பெண், தேனொழுகப் பேசினாள். தாமதத்துக்கு வருந்துகிறார்களாம். பிரச்சினை எதுவானாலும் இப்போதே தீர்த்துவிடலாமாம்.

"முதல்ல உங்க ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடறீங்களா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள், கண்ணை மூடியபடியே கட்டிலிலிருந்து மாமனார் சொன்னார்.

"யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுப்பா."